கார் ஜெயிச்சிடுச்சு... ஓனர்தான் தோத்துட்டார்! சிட்ரோயனின் 1934

உங்க தெருவில் நிற்கிற சின்ன கார்களில் ஏதாவது ஒண்ணைக் கவனிங்க. பெரும்பாலும் இன்ஜினின் சக்தி முன் சக்கரங்களுக்குத்தான் போகும். பின் சக்கரங்கள் சும்மா கூடவே உருண்டு வரும். குனிஞ்சு பார்த்தா, லாரிக்கு இருக்கிற மாதிரி நீளமான இரும்பு சேஸியும் இருக்காது.

இது ரெண்டையும் சேர்த்து ஒரே காரில் வெச்சு, சாதாரண குடும்பங்களுக்குப் பெரிய அளவில் விற்கலாம்னு 1934-ல் பாரிஸில் ஒருத்தர் மொத்த கம்பெனியையும் பணயம் வெச்சார். அவர்தான் ஆந்த்ரே சிட்ரோயன்.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டு செஞ்ச தொழிற்சாலையில், 1919-ல் கார் தயாரிக்க ஆரம்பிச்சவர். 1925-லிருந்து ஈஃபிள் டவர் முழுக்க சுமார் இரண்டரை லட்சம் பல்புகளால் தன் பெயரை எரியவிட்டவர். சூதாட்ட மேஜையிலும் பெரிய கை. அந்தக் குணம் பிசினஸிலும் இருந்துச்சு.

1929-க்குப் பிறகு உலகமே பொருளாதார மந்தத்தில் சிக்கியது. மத்தவங்க செலவைக் குறைச்சாங்க. இவரோ 1933-ல் பாரிஸின் ஜாவெல் தொழிற்சாலையை இடிச்சுப் புதுசா கட்டினார். கூடவே, முற்றிலும் புது கார் ஒண்ணு வேணும்னார். இன்ஜினீயர் ஆந்த்ரே லெஃபெவ்ர் வேலைக்குச் சேர்ந்தது 1933 மார்ச்சில். கார் அறிமுகமானது 1934 ஏப்ரலில். நடுவில் இருந்தது பதிமூணே மாசம்! காருக்கு உருவம் கொடுத்தவர் ஃப்ளாமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியர், அடிப்படையில் சிற்பி.

பேர் 'திராக்சியோன் அவான்'. அர்த்தம், முன் சக்கர இழுவை. இந்த டெக்னிக் சிட்ரோயன் கண்டுபிடிச்சது இல்லை. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ 1931-லேயே அப்படி ஒரு கார் விட்டிருந்தது. சேஸி இல்லாத உடலை இத்தாலியின் லான்சியா அதுக்கும் முன்னாடியே செய்திருந்தது. ஆனா இதையெல்லாம், ஹைட்ராலிக் பிரேக்கையும் சேர்த்து, இவ்வளவு பெரிய அளவில் யாரும் தயாரிக்கலை.

சேஸி இல்லைன்னா எப்படி நிற்கும்னு கேட்கலாம். பிஸ்கட் டின்னை நினைச்சுக்கோங்க. உள்ளே சட்டம் எதுவும் கிடையாது, மடிச்ச தகடே பாரத்தைத் தாங்குது. இங்கேயும் அப்படித்தான். பின் சக்கரத்துக்குப் போற நீண்ட தண்டும் இல்லாததால, கார் தரையை ஒட்டித் தாழ்வா இருந்துச்சு. ஏறி உட்கார அந்தக் காலத்து ஃபுட்போர்டு தேவைப்படலை. வளைவில் ரோட்டைக் கெட்டியா பிடிச்சுக்கிச்சு.

சிக்கல் எங்கேன்னா, முன் சக்கரம் ஒரே நேரத்தில் திரும்பவும் வேணும், இழுக்கவும் வேணும். திரும்பிய நிலையிலும் சக்தியைக் கடத்தணும்னா மூட்டு மாதிரி ஒரு ஜாயின்ட் தேவை. அன்னைக்கு இருந்த ஜாயின்ட்கள் அந்த வேலையைத் தாங்கலை, உடைஞ்சது. முதலில் யோசிச்சு வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சொதப்பி, கடைசி நேரத்தில் மூணு கியர் மேனுவலுக்கு மாறினாங்க. அது இன்ஜினுக்கு முன்னாடி இருந்துச்சு. கியர் லீவர் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

இன்னும் ஒரு வருஷம் டெஸ்ட் பண்ணியிருக்கலாமேன்னு நமக்குத் தோணும். அவருக்கு அந்த அவகாசம் இல்லை. வித்தாத்தான் கடனைக் கட்ட முடியும். காசு கொடுத்து வாங்கினவங்களே டெஸ்ட் டிரைவர் ஆனாங்க! புகார்கள் குவிஞ்சது, கடன் கொடுத்தவங்க கையை விரிச்சாங்க. 1934 டிசம்பரில் விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அதிகக் கடன் பாக்கி டயர் கம்பெனி மிஷெலினுக்குத்தான். கம்பெனி அவங்க கைக்குப் போச்சு. ஈஃபிள் டவர் விளக்குகளும் அந்த வருஷத்தோட சரி.

வயிற்றுப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த சிட்ரோயன், 1935 ஜூலை 3-ல் இறந்தார். வயசு 57.

மிஷெலின் அந்த காரைத் தூக்கிப் போடலை. குறைகளை ஒவ்வொண்ணா சரி செஞ்சாங்க. போரின்போது ஜெர்மன் ரகசிய போலீஸும் இதில்தான் சுத்தினாங்க, அவங்களை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளும் இதில்தான் தப்பிச்சாங்க. போர் முடிஞ்ச கையோட பாரிஸ் கொள்ளைக் கும்பல் ஒண்ணுக்கு 'திராக்சியோன் கும்பல்'னே பேர் வந்துச்சு. 1957 வரை சுமார் 7.6 லட்சம் கார்கள் வெளியே வந்தன.

ஜாவெல் தொழிற்சாலை இன்னைக்கு இல்லை. அந்த இடத்தில் பூங்கா இருக்கு, பேர் ஆந்த்ரே சிட்ரோயன் பூங்கா. இந்தியாவில் விற்கிற சிட்ரோயன் சி3 நம்ம திருவள்ளூர் பக்கம்தான் தயாராகுது. ரோட்டில் பார்த்தா, எந்தச் சக்கரம் இழுக்குதுன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.