காவலை மயக்கும் புரதம்

நம்முடலின் காவற்படை வெண்குருதிக் கலங்களாகும். அப்படை தன்னுடலையே தாக்காவண்ணம் தணிக்கும் அடையாளங்களுள் ஒன்று பீ.டி.-எல்.1 என்னும் புரதம். காவற்கலத்திலுள்ள பீ.டி.-1 என்பதனோடு இது பொருந்துங்கால் தாக்குதல் அடங்கும்.

இப்புரதம் உறையுமிடத்தை அறிவது எங்ஙனம்? அதனை மட்டுமே பற்றும் பிறபொருளெதிரியை மெல்லிய இழையச் சீவலின்மீது இட்டு, பற்றிய இடத்தை நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்குவர். 1941இல் அல்பேட் கூன்ஸ் குழுவினர் தொடக்கிய முறையின் வழிவந்தது இது. நலமுற்ற இழையங்களுள் சூல்வித்தகத்தில் இப்புரதம் மிகுந்து தோன்றும். தந்தையின் கூறும் உடைய கருவைத் தாயின் காவற்படை தாக்காதிருக்க அது துணைபுரிகின்றது. அவ்வடையாளத்தையே புற்றுக்கலங்கள் பலவும் அணிந்து காவலை மயக்குகின்றன.

வெற்றிலையொடு பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் தண்ணீரூற்றிலும் உண்டாதலின், வாய்ப்புற்று நமக்குப் புறச்செய்தியன்று. பரவிய வாய்ப்புற்றில் இப்புரதம் காணப்படின், பீ.டி.-1ஐத் தடுக்கும் பெம்புறோலிசுமாப் என்னும் மருந்தை முதற்சிகிச்சையாக வழங்க 2019இல் அமெரிக்கா இசைந்தது. ஆயின் தணிப்பை நீக்குங்கால் நல்லிழையங்களும் தாக்குறலாம். நோயாளர் அனைவர்க்கும் அது பயன்தருவதுமன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமென 2004இல் உலக ஆய்வாளர் நிறுவினர். ஆதலின் மெல்லுதலை விடுத்தலும், வாயில் ஆறாப் புண் காணின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதலும் அறிவுடைமையாகும்.