டீசல் ஜீப்புக்கு எந்த ஒயில்?

யூலெஸ் வலயம் 2023 ஓகஸ்ட் 29 இல் லண்டன் முழுவதும் விரிந்தபின், கட்டணமின்றி ஓட டீசல் ஜீப் யூரோ 6 தரமாக இருக்க வேண்டும். அவ்வகை லாண்ட் ரோவர்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. சூடேறினால் கரி எரிந்துவிடும். ஒயிலின் உலோகச் சேர்க்கைகள் விடும் சாம்பலோ, விறகடுப்புச் சாம்பல்போல மிஞ்சி வடிகட்டியை அடைக்கும். ஆகவே 5டபிள்யூ-30 என்பதை மட்டும் பார்த்து மலிவு ஒயில் வாங்காதீர்கள். அது தடிப்பைத்தான் சொல்லும். சாம்பல் குறைந்த ஏசிஇஏ ‘சி’ வகையில், உங்கள் கைநூல் சொல்லும் தரமே வேண்டும்.

பள்ளிக்கூடம், கடை என்று குறுந்தூரம் மட்டும் ஓடினால் கரி முழுதாக எரியாது. டீசல் ஒயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறும். ஒயில் கூடியதென்று மகிழ வேண்டாம், உடனே மாற்றுங்கள். வடிகட்டியையே கழற்றிவிடச் சொல்வோரும் உண்டு! 2014 பெப்ரவரி முதல் எம்ஓடி சோதனையில் அது தோல்விதான்.