ஆராய்ச்சித் துறைகளும் தோட்டப்புற மக்களும்

கெடா மாநிலத் தோட்டங்களில் பால் மரம் சீவும் தொழிலாளர்கள், பொழுது புலர்வதற்கு முன்பே தத்தம் நிரைகளுக்குச் சென்றுவிடுவது நெடுநாளைய வழக்கம். வெயில் ஏறிய பின்னர் வெட்டினால் மங்கில் பால் குறையும் என்பதை அவர்கள் நூலைப் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தாய் தந்தையரிடம் கற்றதும், தம் கண்ணால் கண்டதும் சேர்ந்து அமைந்த அறிவு அது.

அவ்வாறு பால் குறைவதற்குரிய காரணத்தைத் தாவர இயல் அறிஞர்கள் ஆராய்ந்து கூறியுள்ளனர். மரப்பட்டைக்குள் நுண்ணிய பால் நாளங்கள் உள்ளன. இரவில் மரம் நீரை நிறைத்துக்கொள்வதால், விடியற்காலையில் அந்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். கதிரவன் மேலேற, இலைகளின் வழியே நீர் ஆவியாகி வெளியேறும், அழுத்தம் தளரும், பால் ஓட்டமும் குறையும். தொழிலாளி கண்டறிந்த உண்மையையே அறிஞரும் கண்டார். அதற்குரிய காரணத்தை அளந்து காட்டியது அவர் செய்த பணி.

ஒன்றைக் கூர்ந்து கவனித்தல், ஏன் என்று கேட்டல், வந்த விடை சரிதானா எனச் சோதித்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆராய்ச்சி. இம்மூன்றில் முதலாவது, தோட்டப்புற மக்களிடம் நிறையவே உண்டு. எனினும் ஆராய்ச்சி என்றால் நமக்கு எட்டாத ஒன்று என்றும், அப்படியே எட்டினாலும் மருத்துவம் ஒன்றுதான் படிக்கத் தக்கது என்றும் நம்மில் பலர் எண்ணி வருகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு குறுகியது என்பதை நான்கு துறைகளின் வழியே இங்குக் காண்போம்.

அருகிலுள்ள கல்விக்கூடங்கள்

முன்னாளில் உயர்கல்வி என்றால் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. 1969ஆம் ஆண்டில் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலும், மருத்துவ வளாகம் கிளந்தானிலும் அமைந்துள்ளன. கல்வியியலும் இசையும் பினாங்கு வளாகத்தில் பயிலப்படுகின்றன. 1984ஆம் ஆண்டில் கெடாவுக்கென வட மலேசியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அது சிந்தோக்கில் உள்ளது. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், பீடோங்கை அடுத்த செமிலிங்கில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல் முதலியவற்றைக் கற்பிக்கிறது. பாடாங் செராயிலோ கூலிமிலோ வாழும் ஒரு பிள்ளைக்கு இந்நிலையங்களுள் சில பேருந்துத் தொலைவிலேயே உள்ளன.

மருத்துவம்: புழுங்கல் அரிசி கற்பித்த பாடம்

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் 'பெரிபெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். இது தொற்றுநோய் என்று பலர் கருதினர். அக்காலத்தில் மருத்துவர்கள் சிலர் ஒரு வியப்பைக் கண்டனர். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களை இந்நோய் வாட்டியது. புழுங்கல் அரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தீண்டவில்லை.

இவ்வேற்றுமையை டாக்டர் பிரேடன் எடுத்துக்காட்டினார். 1905ஆம் ஆண்டு வாக்கில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற் பிரிவில் நோயும் சாவும் மிகுந்தன. இரண்டாம் பிரிவில் நோய் அரிதாகவே காணப்பட்டது. 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர், நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே 1907ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து இதனை மேலும் உறுதிப்படுத்தினர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. அச்சத்தையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். நம் பாட்டிமார் நெல்லை அவித்தது இச்சத்தின் பெயரை அறிந்து அன்று. ஆயினும் அவர்களுடைய சமையல் வழக்கம் உலக மருத்துவத்திற்கு ஒரு சான்றாயிற்று.

பொறியியல்: பாலம் தாங்கும் இரப்பர்

நாம் வடிக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த இரப்பரைக் கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதை அறியவே 1925ஆம் ஆண்டில் மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. நம் நாட்டு இரப்பர் உற்பத்தியாளர்களின் பொருளுதவியோடு இங்கிலாந்திலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது.

அங்கு ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, நிலநடுக்கத்திலிருந்து கட்டடத்தைக் காக்கும் இரப்பர்த் தாங்கி. இரப்பர்த் தகட்டையும் எஃகுத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டி இதனைச் செய்வர். மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது உறுதியாகத் தாங்கும். பக்கவாட்டில் நெகிழ்ந்து கொடுக்கும். நிலம் வேகமாக உலுக்கினாலும், அதன்மேல் நிற்கும் கட்டடம் மெல்லவே அசையும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரான்சோ குக்கமோங்கா என்னும் ஊரில் கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்ற மாளிகை, இத்தகைய இயற்கை இரப்பர்த் தாங்கிகளின் மேல் நிற்கிறது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலத்திலும் இயற்கை இரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம், கெடா சுல்தானாக விளங்கிய சுல்தான் அப்துல் ஹலிம் முஅட்ஸாம் ஷா அவர்களின் பெயரைத் தாங்கியுள்ளது.

பொறியியலும் மருத்துவமும் கைகோத்ததற்கு இரப்பர்க் கையுறை சான்றாகும். மருத்துவமனைகளில் கையுறைப் பயன்பாடு 1980களில் பெருகியபோது, அணிந்தவர் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாயின. பாலில் இயல்பாக உள்ள சில புரதங்களே காரணம் என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் கண்டனர். கையுறையை நன்கு அலசிப் புரதத்தைக் குறைக்கும் முறைகளையும், மாவுப்பொடி இன்றி அதனைச் செய்யும் முறைகளையும் தொழில்நுட்ப அறிஞர்கள் வகுத்தனர். இத்தீர்வு கிடைப்பதற்குள் செயற்கை இரப்பர்க் கையுறைகள் சந்தையில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆராய்ச்சி தாமதமானால் அதன் இழப்பு, மரம் வெட்டுவோரின் கூலி வரை வந்து சேரும் என்பதை இதனால் உணரலாம்.

கல்வி: எந்த மொழியில் தொடங்குவது?

பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதும் ஆராயத்தக்க பொருளே. குழந்தைக்குத் தொடக்கக் கல்வியை எம்மொழியில் அளிப்பது நன்று என்ற கேள்வியை உலக அறிஞர்கள் ஆராய்ந்தனர். தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்னும் கருத்தை 1953ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கையும், 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் பள்ளிகளின் போக்கைக் குறித்து வெவ்வேறு பரிந்துரைகளைச் செய்தன. பார்ன்ஸ் அறிக்கை மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைத் தேசியப் பள்ளியை நாடியது. ரசாக் அறிக்கை தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நாட்டுக் கல்வி அமைப்பில் இடமளித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் நிலைபெற்றதில் அதற்குப் பங்குண்டு.

இன்னும் விடை தேட வேண்டிய கேள்விகள் பல. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ திடீரெனத் தளர்வது ஏன்? மொழி மாற்றமா, நெடுந்தூரப் பயணமா, மாலையில் வீட்டில் படிப்பதற்கு இடமில்லாமையா? ஊகித்துக் கூறுவதால் பயனில்லை. ஒரே தரத்திலுள்ள பிள்ளைகளைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய வருகை, வாசிப்பு, வீட்டுச் சூழல் ஆகியவற்றைப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியர் இவ்வாய்வைச் செய்தால், வெளியார் கேட்கத் தெரியாத கேள்விகளை அவர் கேட்பார்.

இசை: அளக்கவும் எழுதவும் கூடிய கலை

"பாட்டைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் ஆபிரகாம் பண்டிதர். 1859ஆம் ஆண்டில் பிறந்த இவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்த் தஞ்சாவூரில் சித்த மருத்துவராகப் புகழ் பெற்றார். மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு இசை மாநாடுகளை நடத்தினார். 1917ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெரும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். கல்வி, மருத்துவம், இசை ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன.

இலங்கை காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த விபுலாநந்த அடிகள் அறிவியல் பட்டதாரி. பழந்தமிழரின் யாழ் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைக் கணக்கின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' என்னும் நூலை உலகுக்கு அளித்தார்.

இத்தகைய ஆராய்ச்சிக்குரிய பொருள் கெடாவிலும் உண்டு. அலோர் ஸ்டாரில் உள்ள நோபாட் மண்டபம், அரச இசைக் குழுவின் கருவிகளுக்குரிய இடமாகும். சுல்தானின் முடிசூட்டு விழா போன்ற அரச நிகழ்ச்சிகளில் நோபாட் முழங்கும். அதில் முரசும் மத்தளங்களும் நபிரி என்னும் எக்காளமும் செருனாய் என்னும் குழலும் உண்டு. நோபாட் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. செருனாயும் நம் கோயில் நாகசுரமும் சீவாளி அதிர்வதால் ஒலிக்கும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை. கடல் கடந்து வந்த வணிகத்தோடு இசையும் எவ்வாறு பயணம் செய்தது என்பது சுவையான ஆராய்ச்சி.

நம் லயங்களிலும் ஒரு செல்வம் இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, வேலைக்களத்துப் பாட்டு ஆகியவற்றை முதியோர் பலர் மனத்திலேயே வைத்திருந்தனர். தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்; பாட்டுகளும் சிதறின. ஒரு மூதாட்டி மறையும்போது, எழுதப்படாத பாடல்களும் அவருடன் மறைந்துவிடுகின்றன. மருந்தைப் பின்னர்க் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்கலாம். மறைந்த பாட்டை மீண்டும் பெற இயலாது.

நாம் செய்யத்தக்கவை

ஆராய்ச்சி மாணவர் எவரேனும் தங்கள் இல்லம் தேடி வந்தால், அவர் எந்நிலையத்தைச் சேர்ந்தவர், எதற்காகக் கேட்கிறார், தங்கள் பெயர் மறைவாக வைக்கப்படுமா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டியதில்லை. விருப்பமில்லையெனில் மறுத்துவிடலாம்; இடையில் விலகவும் உரிமை உண்டு. பிளெட்சர் காலத்து நோயாளிகளை எவரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று சம்மதம் இன்றி மனிதரிடம் ஆராய்ச்சி செய்வது முறையன்று. சம்மதித்த பின்னர் உள்ளதை உள்ளவாறே கூறுதல் நம் கடமை. கூச்சத்தால் மாற்றிச் சொல்லும் ஒரு விடை, முடிவையே கெடுத்துவிடும்.

முதியோர் பாடும் பாடல்களைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைக்கலாம்; ஒலிப்பதிவும் செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றையும் அவர் இசைவுடன் குறித்தல் நன்று. அந்தச் சிறு குறிப்பேடு நாளை ஓர் ஆய்வாளருக்கு முதற் சான்றாக அமையலாம்.

பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "உனக்கேன் இது?" என்று அடக்காதிருப்போமாக. ஒரு பிள்ளைக்கு நோயின் மேல் ஆர்வம் பிறக்கலாம்; மற்றொரு பிள்ளைக்கு இயந்திரத்தின் மேலோ, கற்பித்தலின் மேலோ, உறுமி மேளத்தின் மேலோ பிறக்கலாம். நான்கும் மதிப்புடைய வழிகளே. விடியலில் எழுந்து மரத்தின் இயல்பை அறிந்த கைகள் வளர்த்த பிள்ளைகளுக்கு, அறிவின் எந்த வாயிலும் அடைபட்டிருக்க வேண்டியதில்லை.