பிரான்ஸ் கால்வாய் ஓரம் சைக்கிள் ஓட்ட ஆசையா? ராயபுரம் டு எண்ணூர்... அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் ஒரு ரைடு!

ராத்திரி சாப்பிட்டுவிட்டு போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸின் தென்பகுதியில் ஒரு கால்வாய். இரண்டு கரையிலும் வரிசையாக மரங்கள். மரத்தடியில் ஒரு மண் தடம், அதில் வயதான தம்பதி மெதுவாக சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கரைக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைத் தோட்டம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரியே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னப்பா சொல்ற? அந்தச் சாக்கடையா?"

"நீ பார்க்கும்போது சாக்கடை. நான் சின்னப் பையனா இருக்கும்போது அதுல தோணி போறதைப் பார்த்திருக்கேன். சவுக்கு விறகு ஏத்தினு வரும். கரை மேலயே நாங்க சைக்கிள் ஓட்டுவோம்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கால்வாயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மாடிப்படிக்கு அடியில் கிடந்த அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கிளம்பிவிட்டேன்!

உப்பு வரி அதிகாரி வெட்டிய கால்வாய்

வீடியோவில் பார்த்த கால்வாயின் பெயர் கனால் டு மிடி. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக்கடல் பக்கம் வரை சுமார் 240 கிலோமீட்டர். பியர் பால் ரிக்கே என்பவர் திட்டம் போட்டு 1666-ல் வேலையைத் தொடங்கினார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? அரசாங்கத்துக்காக உப்பு வரி வசூலிப்பது! சொந்தப் பணத்தையும் இதில் கொட்டினார். 1681-ல் கால்வாய் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ரிக்கே இறந்துவிட்டார்.

படகில் தானியமும் ஒயினும் போயின. கரையில் நடந்தபடி குதிரைகள் கயிறு கட்டி அந்தப் படகுகளை இழுத்தன. அந்தக் குதிரைகள் நடந்த தடம்தான் இன்றைக்கு சைக்கிள் தடம். ரயிலும் லாரியும் வந்த பிறகு சரக்குப் படகுகள் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போயின. ஆனால், கால்வாயை அவர்கள் மூடவில்லை. 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வியாபாரி, சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். முதலில் அதற்கு 'காக்ரேன் கால்வாய்' என்றுதான் பெயர். பிறகு அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ரயிலில் போகும்போது தினமும் பார்க்கிறோமே பேசின் பிரிட்ஜ், அந்த 'பேசின்' படகுகள் வந்து நின்ற துறைதான். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு இன்றும் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் 'சால்ட் கோட்டர்ஸ்' உப்பு சேமித்து வைத்த இடம்.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பட்டினியில் இருந்த மக்களுக்கு நிவாரண வேலை கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்ட வைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பசியோடு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து நம்ம மரக்காணம் வரை இதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். பிரான்ஸ் கால்வாயைவிட மிக நீளம்!

காசிமேட்டில் ஒரு கேள்வி

காலை 5.15. ராயபுரம் ரயில் நிலையத்தின் பெரிய தூண்களுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஒரு செல்ஃபி. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது.

அங்கிருந்து காசிமேடு. அந்த நேரத்திலேயே மீன்பிடித் துறைமுக வாசலில் திருவிழாக் கூட்டம். ஆட்டோ, மீன்பாடி வண்டி, பைக்... அவற்றுக்கு நடுவே எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சைக்கிள்கள்தான். ஒரு அண்ணன் கேரியரில் ஐஸ் பெட்டியை ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ரேஸா?" என்றார்.

"இல்லண்ணா, சும்மா எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்னு."

"சும்மாவா?" என்று சிரித்தார். "நான் டெய்லி மீன் எடுத்துனு திருவொற்றியூர் வரைக்கும் போறேன். என்னை எவனும் போட்டோ எடுக்கலியே!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் சைக்கிளிங் என்றாலே ஈ.சி.ஆர், கியர் சைக்கிள், கலர் ஜெர்ஸி, மாமல்லபுரத்தில் இட்லி என்றுதான் நான் நினைத்து வைத்திருந்தேன். வடசென்னையில் சைக்கிள் என்பது வேலைக்குப் போகிற வண்டி. பால், மீன், பேப்பர், டீ கேன், முதல் ஷிஃப்ட்... எல்லாமே அதில்தான்.

இடப்பக்கம் கன்டெய்னர், வலப்பக்கம் கடல்

காசிமேடு தாண்டியதும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. வலப்பக்கம் கடல், அதில் சூரியன் எழுந்துகொண்டிருந்தது. எந்த நாட்டுக் கால்வாயும் அந்தக் காட்சிக்கு ஈடாகாது. ஆனால், நின்று ரசிக்க முடியவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. அவை நகரத் தொடங்கினால் சைக்கிளுக்கு மிச்சம் இருப்பது ஓரத்தில் ஒரு முழம் மணல்தான்.

அந்த மணலில் டயர் சறுக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பல வருடங்கள் இதே சைக்கிளில்தான் தண்டையார்பேட்டையிலிருந்து ஷிஃப்டுக்குப் போய் வந்தார். 2009-ல் ஒரு நாள், நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும்போது ஒரு டிரெய்லர் ஹேண்டில்பாரை உரசிவிட்டது. இடது கை எலும்பு முறிவு. வண்டி நிற்காமல் போய்விட்டது. அப்பா அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. விற்கவும் இல்லை.

சாலையின் கடல் பக்கம் முழுக்கப் பாறாங்கற்கள். தெற்கிலிருந்து கடலோரமாக நகர்ந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்தியதில் மெரினா அகலமானது. மணல் வராத ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. பல குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் போயின. தெற்கே நாம் பட்டம் விடும் கடற்கரைக்கு வடக்கே இருப்பவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்கூல் சைக்கிள், உள்தெரு மட்டும்

திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் கோயில் பக்கம் திரும்பி, தேரடி அருகே டீ குடித்தேன். 'புல்லட்' தயாரித்த ஊர் இது. 1950-களில் என்ஃபீல்டு தொழிற்சாலை இங்கேதான் வந்தது. இன்று தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது.

டீக்கடை எதிரே, அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் டியூஷன் புத்தகத்தோடு ஒரு பிளஸ் ஒன் மாணவி நின்றிருந்தாள். "டெய்லி சைக்கிள்லதான் போவியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. மெயின் ரோட்டுக்குப் போகக்கூடாதுனு அம்மா சொல்லிட்டாங்க. லாரி வரும்ல... உள்தெருவுல மட்டும்தான். ஸ்கூலுக்கு ஷேர் ஆட்டோ."

2001-ல் தொடங்கிய திட்டம் இது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு சைக்கிள் கிடைத்திருக்கிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தருவதற்கென்றே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் முதல் மாநகரம் நாம்தான். ஆனால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் போன வழியில் சைக்கிளுக்கென்று ஒரு கோடுகூடக் கண்ணில் படவில்லை. சைக்கிள் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. தடம்தான் இல்லை.

பாலத்தின் மேல் நின்றபோது...

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரம் உள்ளே போனால், பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலம். சைக்கிளை நிறுத்திக் கீழே பார்த்தேன். கறுப்புத் தண்ணீர், ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக். மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்தத் தண்ணீரிலும் இரண்டு கொக்குகள் நின்றிருந்தன.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தெற்கே இதே கால்வாயின் மேல்தான் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நட்டார்கள். 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ல் இதையும் சேர்த்தார்கள். இங்கே ஒரு படகும் வரவில்லை.

பிரான்ஸிலும் எல்லாம் சொர்க்கம் இல்லை. அந்தக் கால்வாய்க் கரையில் இருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தாக்கியது 2006-ல் தெரியவந்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் வேறு வகை மரங்களை நடுகிறார்கள். அவை நிழல் தரப் பல வருடங்கள் ஆகும். இருந்தாலும் நடுகிறார்கள்.

எண்ணூர்... ஆறு கடலைத் தொடும் இடம்

எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி முகத்துவாரம் போய்ச் சேரும்போது மணி எட்டு. போன் கணக்குப்படி சுற்றியதெல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டருக்குக் கிட்டே. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். எதிர்க்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கப்பால் அத்திப்பட்டு. ஒருகாலத்தில் அந்தப் பக்கமெல்லாம் உப்பளங்கள். பிரான்ஸ் கால்வாய் ஓரம் திராட்சைத் தோட்டம் என்றால், நம்ம கால்வாய் ஓரம் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்! உப்பளங்களில் பெரும்பகுதி இப்போது இல்லை.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிலர் கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கரையில் நாலைந்து சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. என் சைக்கிளையும் அவற்றோடு சாய்த்துவிட்டு, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

ஆற்றைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கரை மேலயே போக முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கரையே எங்கனு தெரியல. ரோட்டுலதான் வந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "திரும்பும்போது எக்ஸ்பிரஸ் ரோடு வேணாம். இந்நேரம் டிரெய்லர் ஜாஸ்தியாயிருக்கும். உள்ளாற வா. சாப்பிடாம இருக்கேன், சீக்கிரம் வா" என்றார்.

நீங்களும் போக விரும்பினால்...

* ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பி, 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெயிலும் கனரக வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

* தனியாக வேண்டாம். இரண்டு, மூன்று பேராகப் போங்கள். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு கட்டாயம்.

* டிரெய்லரின் இடப்பக்கம் புகுந்து முந்தவே முந்தாதீர்கள். டிரைவருக்கு அந்தப் பக்கம் கீழே நிற்பவர் தெரியாது. திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்ளே வாங்கும்.

* போய்த் திரும்ப 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். திரும்பி ஓட்டத் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம்.

* முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம். இழுவை அதிகம்.

வீட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் அப்பா முதலில் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். "ஆயில் போடாமயே ஓட்டியிருக்க" என்று திட்டிக்கொண்டே உள்ளே போய் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்தார்.

அன்று சாயங்காலம் தெருமுனைக் கடை வரை சைக்கிளில் போய்ப் பால் வாங்கி வந்தார். பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிறது, அப்பா சைக்கிள் ஓட்டி நான் பார்த்து. மெயின் ரோட்டுக்கு மட்டும் போகவில்லை.