கணினி மெதுவாகிறதா? பின்னணிச் சேவைகளைக் கவனியுங்கள்

கணினி மெதுவானதும் பலர் புதியது வாங்க விலை விசாரிக்கிறார்கள். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடலாம். விண்டோஸில் நாம் திறக்காத பல சேவைகள் பின்னணியில் இயங்கி, நினைவகத்தையும் ஹார்ட் டிஸ்கையும் பயன்படுத்துகின்றன.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு நெடுநேரம் 100 சதவீதத்திலேயே நின்றால், ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' எனத் தேடித் திறவுங்கள். 'சிஸ்மெயின்', 'விண்டோஸ் சர்ச்' ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். வேகம் கூடினால் மாத்திரம் 'டிசேபிள்ட்' ஆக்குங்கள். இல்லையேல் பழையபடி விட்டுவிடுங்கள். 'விண்டோஸ் சர்ச்' நின்றால் கோப்புகளைத் தேட அதிக நேரமெடுக்கும்.

'விண்டோஸ் அப்டேட்', 'டிஃபென்டர்' இரண்டிலும் கைவைக்க வேண்டாம். பிள்ளைகளின் பாடங்களும் வங்கிக் கணக்கும் உள்ள கணினிக்கு வேகத்தைவிடப் பாதுகாப்பே முக்கியம்.