துணிச்சலா, திமிரா?

'ஒடாசிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால் ஒருவர் துணிச்சல் என்பார், இன்னொருவர் திமிர் என்பார். இரண்டும் சரி. சிக்கலே அதுதான்.

துணிதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. எல்லோரும் தயங்கும் இடத்தில் ஒருவர் இறங்கினால் பாராட்டு. இறங்கக் கூடாத இடத்தில் கூச்சமே இல்லாமல் இறங்கினால் வசை. ஒபாமா 2006-ல் வெளியிட்ட தன் நூலுக்கு 'தி ஒடாசிட்டி ஆஃப் ஹோப்' என்று பெயர் வைத்தது முதல் பொருளில். அன்றாடப் பேச்சில் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விற்றது காட்டுக்குள் அல்ல. போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் நடுவில். அதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஓடையோரம் சாராய ஊறல் போடுகிறவர்கூட மறைவிடம் பார்த்துத்தான் போடுகிறார். சட்டத்தை மீறுவது குற்றம். மறைக்கவே தேவையில்லை என்று நினைப்பது ஒடாசிட்டி.

இந்தச் சொல்லைச் சொல்கிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் ஆன பிறகும்! மலையாளி பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நிமிர்ந்து நின்று கூலி கேட்டால், ஜாகிர்தாருக்கு அது திமிர். கேட்டவரின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் துணிச்சல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து இதைச் சொன்னால், நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

'ஹேட் தி ஒடாசிட்டி டு' என்று வாக்கியம் வந்தால் அநேகமாகத் திட்டுதான். 'ஒடேஷஸ்' என்ற பெயரடை ஒரு திட்டத்தோடோ முயற்சியோடோ சேர்ந்தால் வியப்பு. கொள்ளையோடு சேர்ந்தாலும் அதில் ஒரு சொட்டு வியப்பு இருக்கும். மொழிபெயர்க்கத் துணிச்சல்தான் தோது. "துணிச்சல்காரி" என்றால் மெச்சுகிறோம், "என்ன துணிச்சல் உனக்கு!" என்றால் அதட்டுகிறோம். துணிவு என்று போட்டால் அதட்டல் காணாமல் போய்விடும்.