மரக்காலைச் சுருக்கலாமா?

நிலக்கரி எரிகிறது; வீட்டிலே விளக்கு ஒளிர்கிறது. விளக்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர் நாம். அந்த ஒளிக்கு மூச்சையே விலையாகக் கொடுப்பவர்கள் யார் என்றுதான் கேட்கிறோம்.

கொதிகலனின் கடும் வெப்பத்தில், கரியிலுள்ள நைட்ரஜனும் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகின்றன. மூச்சுக்குழலைப் புண்ணாக்கும் நச்சு அது! வெயிலில் ஓசோனுக்கு வித்திடுகிறது. வானிலே அமில மழைக்கு வழிகோலுகிறது.

இதை அடக்க 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி வகுத்தது. ஒரு கனமீட்டர் புகையில், 2003 முடிய அமைந்த அனல் மின் அலகுகளுக்கு 600 மில்லிகிராம். 2004 முதல் 2016 வரை அமைந்தவற்றுக்கு 300. பிறகு வருபவற்றுக்கு 100. பழையவை திருந்த இரண்டாண்டுத் தவணை!

தவணை வந்தது, போயிற்று. உலைகள் மாறினவா? விதி மாறிற்று! 2020 அக்டோபரில் 300 என்பது 450 ஆயிற்று. நெல் குறைந்ததென்று மரக்காலைச் சுருக்கிவிட்டு, 'அளவு நிறைந்தது' என்பதா?

எங்கோ நடப்பதல்ல இது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் இரண்டாம் கட்டமும் வல்லூர் நிலையமும் இந்த 450 வரிசையில் நிற்பவைதாம்.

வழி இல்லையா? உண்டு. காற்றை ஒரேயடியாகச் செலுத்தாமல், முதலில் குறைத்தும் மேலே மிச்சத்தைச் சேர்த்தும் எரித்தால் நச்சு குறைகிறது. அதற்கேற்ற பர்னர்கள் உண்டு. அம்மோனியாவும் வினையூக்கியும் கொண்டு நச்சை நைட்ரஜனாகவும் நீராகவும் பிரிக்கும் முறையை ஜப்பானும் ஜெர்மனியும் 1980களிலேயே கைக்கொண்டன.

நம் கரியில் சாம்பல் மிகுதி, வினையூக்கி தேய்ந்துவிடும் என்கிறார்கள். மெய்தான். ஆனால் பர்னரை மாற்றவும் காற்றைப் பிரித்துவிடவும் வினையூக்கி எதற்கு? உலை முழுச் சுமையில் ஓடாதபோது 300-ஐ எட்ட முடியவில்லை என்கிறார்கள். அப்படியானால் குறைந்த சுமைக்கேற்பக் காற்றைச் சீர்செய்யுங்கள். யூரியாக் கரைசலை உலையில் தெளியுங்கள். கருவியைத் திருத்தாமல் கணக்கைத் திருத்துவது எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்பவை இரண்டே. 300 மீண்டும் விதியாகட்டும். ஒவ்வொரு புகைபோக்கியின் அளவும், அதன் நிழலில் வாழும் ஊராரின் கண்ணெதிரே, தமிழிலே, நாள்தோறும் எழுதி வைக்கப்படட்டும். மின்சாரத்துக்கு மீட்டர் வைத்து நம்மிடம் காசு வாங்குகிறவர்கள், புகையின் கணக்கை மட்டும் நமக்குக் காட்ட ஏன் தயங்க வேண்டும்?